அம்மாவை அடைத்த நாள்

எங்கள் ஊர் நடவு செட்டில் எல்லோரிலும் இளையவளுக்கு வயது ஐம்பத்தாறு. அவளைத்தான் மற்றவர்கள் இன்னும் "சின்னப்பொண்ணு" என்று கூப்பிட்டு, தண்ணீர்க் குடம் தூக்கவும் டீ வாங்கவும் விரட்டுகிறார்கள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பேரன் இருக்கிறான். அதைச் சொன்னால், "அதுக்கு நாங்க இன்னா பண்றது? எங்களுக்கு நீ சின்னதுதான்" என்பார்கள். செட்டுக்குத் தலைவி என் அம்மா. அம்மாவுக்கு எழுபது ஆகிவிட்டது. எழுபதுக்கு மேல் எவ்வளவு என்று கேட்டால் அடிக்க வருவாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். காலையில் ஊர் முனைக்கு இரண்டு வண்டிகள் வரும். முதலில் வருவது ஷூ கம்பெனி பஸ். ஊரின் இளசுகளெல்லாம் கழுத்தில் அடையாள அட்டையும் காதில் பாட்டுமாக அதில் ஏறிப் போய்விடும். அந்தப் புழுதி அடங்குவதற்குள் ஒரு வேன் வரும். அதில் ஏறுகிறவர்கள் அந்த இளசுகளின் அம்மாக்களும் மாமியார்களும். முட்டியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அம்மா" என்று முனகிக்கொண்டுதான் ஏறுவார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு வாய் ஓயாது. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கழனியில் நடவு என்றாலும் இந்த வேன்தான் போக வேண்டும். நடவு மெஷின் வைத்திருக்கிறவரே மூலை முடுக்குக்கும் கோணல் கழனிக்கும் அம்மாவுக்குத்தான் போன் போடுவார்.

"இந்த வயசுலயும் பாவம்" என்று யாராவது உச்சுக்கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன பாவம்? உங்கள் தட்டில் இருக்கிற சோற்றில் இந்தப் பல் போன கூட்டத்தின் கை படாதது எந்தப் பருக்கை என்று காட்டுங்கள். அப்புறம் உட்கார்ந்து பாவம் பார்க்கலாம்.

நடவு நட்டுப் பழகாதவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பெண்கள் கழனியின் ஒரு கோடியில் வரிசையாக நின்று, குனிந்து, பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். கை எட்டுகிற அகலம் ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. வரிசைக்கு நடுவில் நிற்பவள் தலைவி. அவளைப் பார்த்துத்தான் இரண்டு பக்கமும் கோடு பிடிக்கும். எல்லோரும் ஒரே சீராகப் பின்னால் போனால் வம்பில்லை. ஒருத்தி மட்டும் தங்கிவிட்டால், அவளுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் அவளைத் தாண்டிப் பின்னால் போய், அவள் முதுகுக்குப் பின்புறம் கையை நீட்டி நட்டு மூடிவிடுவார்கள். சுற்றிலும் நாற்று, நடுவில் கொஞ்சம் சேறு, அதில் அவள். இதற்குத்தான் அடைப்பது என்று பெயர். அடைத்தவள் "அடைச்சாச்சி!" என்று கத்த வேண்டும். கழனியே கைகொட்டிச் சிரிக்கும். அடைபட்டவள் உள்ளே மிச்சம் இருக்கிற இடத்தை ஒற்றை ஆளாக நட்டு முடித்துவிட்டு, ஒரு நாற்றையும் மிதிக்காமல் வெளியே வர வேண்டும். ஒரு வாரத்துக்கு வேனில் அவள் பேச்சுதான் ஓடும்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என் அம்மாவை யாரும் அடைத்ததில்லை.

அடைக்க ஆசைப்பட்டவள் ஒருத்தி உண்டு. அவள் என் சித்தி, அப்பாவின் தம்பி மனைவி. அம்மாவுக்கு வலப்பக்கம் எப்போதும் அவள்தான் நிற்பாள். ஓர்ப்படிகள் இரண்டு பேர் எப்படி இருப்பார்கள் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று காலையில் சண்டை போடுவார்கள். மத்தியானம் ஒருத்தி வைத்த கருவாட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டில் இருக்கும். கழனியில் இறங்கிவிட்டால் சித்தியின் கை பறக்கும். அம்மாவைத் தொட்டுவிடுகிற தூரம் வரைக்கும் வருவாள். அம்மா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போய்விடுவாள். சித்தியின் இளமை முழுக்க இப்படியே கழிந்தது. இப்போது சித்திக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது.

மகள் நான், டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கேயே வீடு கட்டிக்கொண்டேன். கீழே அம்மாவுக்கென்று ஒரு அறை. அவள் முட்டியை மனதில் வைத்து வெஸ்டர்ன் டாய்லெட். அம்மா புதுமனைப் புகுவிழாவுக்கு வந்தபோது அதை எட்டிப் பார்த்துவிட்டு, "நாற்காலி போட்டு உக்காரவா நான் இத்தினி வருஷம் குனிஞ்சேன்?" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். ராத்திரி தங்கக்கூட இல்லை.

முட்டி வீங்க ஆரம்பித்தது போன மழைக்காலத்தில். டவுனில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எலும்பு தேய்ந்துவிட்டது, தண்ணீரில் நிற்கக் கூடாது, குனியக் கூடாது என்றார் அவர். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நான் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். போதும் விட்டுவிடு, வந்து என்னோடு இரு, யாருக்காக இப்படி உழைக்கிறாய் என்று வழி முழுக்க நச்சரித்தேன். அம்மா நடுரோட்டில் நின்றாள். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். அவள் அசையவில்லை. கோயிலுக்குப் பின்னால் நிற்கிற மலையைக் கையால் காட்டினாள்.

"தோ மலை. அதைப் பாத்து சொல்றேன், கேட்டுக்கோ. எவளாவது என்னை அடைச்சிட்டா, அன்னிக்கே கழனியை விட்டு ஏறிடறேன். உன் ஊட்டுக்கு வந்து உன் நாற்காலி கக்கூஸ்லயே உக்காந்துக்கறேன். அதுவரைக்கும் வாயைத் தொறக்காத."

மலையைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை எங்கள் பக்கத்தில் யாரும் மாற்ற மாட்டார்கள். அம்மா செத்தாலும் மாற்ற மாட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குக் குஷிதான். அந்த முட்டியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அறைக்குப் புது மின்விசிறி கூட வாங்கி மாட்டிவிட்டேன்.

கார்த்திகை தீபம் முடிந்து, மலை உச்சியிலிருந்து தீபக் கொப்பரையை இறக்கிய வாரத்தில் நவரைப் பட்டத்து நடவு தொடங்கியது. சனிக்கிழமை லீவு. எப்படித்தான் நடுகிறாள், கண்ணால் பார்த்துவிடுவோம் என்று நானும் வேனில் ஏறிக்கொண்டேன். கழனிக்காரருக்கு அம்மாவைவிட வயசு ஜாஸ்தி. பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். வரப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்திலேயே நானும் செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

தண்ணீர் சில்லென்று இருந்திருக்கும். இறங்கியதும் எல்லோரும் ஒரு சத்தம் போட்டார்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் நின்றாள். வலப்பக்கம் சித்தி, இடப்பக்கம் சின்னப்பொண்ணு. ஆரம்பித்தார்கள். நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அம்மா முன்னைப் போலவே பின்னால் போய்க்கொண்டிருந்தாள். சித்தியைச் சீண்டுகிறாள், சின்னப்பொண்ணின் மருமகளைப் பற்றி வம்பு பேசுகிறாள், வெற்றிலையை மாற்றிக்கொள்கிறாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டாக்டர் பார்த்தது வேறு யாருடைய எக்ஸ்ரேயையோ என்று தோன்றியது.

பாதிக் கழனி தாண்டியதும் அம்மாவின் கை நின்றது. நிமிர்ந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தான் நட்டுக்கொண்டு வந்த இடத்தை முன்னால் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆரம்பத்தில் அகலமாக இருந்த அவளுடைய பங்கு வரவரக் குறுகிக்கொண்டே வந்திருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். மாசமாக இருக்கிற பெண் நடவுக்கு வந்தால், பக்கத்தில் நிற்பவர்கள் அவள் பங்கிலிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் எடுத்து நட்டுவிடுவார்கள். அவர்களுக்கு அடுத்தவர்கள் அவர்கள் பங்கில் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். அப்படியே வரிசை முழுக்கப் பிரிந்து போய்விடும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கும் அப்படித்தான் நட்டார்களாம்.

மலையைப் பார்த்துச் சொன்ன விஷயம் எப்படியோ செட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவை இழந்துவிடக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். தங்கள் தங்கள் முட்டியையும் இடுப்பையும் வைத்துக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்சம் என்று அம்மாவின் வேலையை வரிசை முழுக்கப் பங்கு போட்டிருக்கிறார்கள்.

அம்மா இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள்.

"ஏண்டி, நான் இன்னா மாசமாவா இருக்கேன்?"

கழனிக்காரருக்கு டீ புரையேறிவிட்டது. கழனியில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் குனிந்தபடியே அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அக்கா, முட்டி…" என்று சித்தி இழுத்தாள்.

"முட்டி என்னுது. பங்கும் என்னுது. எவடி உன்னைத் தொடச் சொன்னது?"

"நீ ஏறிட்டா நாங்க இன்னாக்கா பண்றது?"

"நான் ஏறதும் ஏறாததும் என் கைய வச்சித் தெரியணும். உன் கைய வச்சி இல்ல."  அம்மா அழுது நான் பார்த்ததில்லை; அன்றைக்கு அழுகைக்குக் கிட்டே வந்தாள். "நீங்க அடைக்க முடியாம தோத்தா அது எனக்கு ஒரு கௌரதை. பாவம் பாத்து உட்டா அது இன்னாடி?"

கழனிக்காரர், "உடும்மா, யார் நட்ட நாத்தா இருந்தாலும் என் கழனிலதான நிக்குது" என்று சமாதானத்துக்கு வந்தார். "நீங்க டீய குடிங்க" என்றாள் அம்மா. அவர் குடித்தார்.

மிச்சத்தை நட்டு முடித்தார்கள். வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சித்தி தன் தூக்கில் இருந்த புளிச்சோற்றில் பாதியை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தாள். அம்மா அதைச் சாப்பிட்டாள். சாப்பிட்டு, கையைக் கழுவி, அடுத்த கழனியைக் காட்டினாள்.

"அங்க முழுப் பங்கு. எனக்கு மட்டும் இல்ல, அல்லாருக்கும். அடைக்க முடிஞ்சவ அடைக்கணும். வேணும்னு கைய இழுத்தவ நாளையிலேருந்து என் வேன்ல ஏறக் கூடாது."

சித்தியின் மூக்கு விடைத்தது. "ஏறக் கூடாதா? ஓகோ. வாக்கா, பாத்துக்கலாம்" என்று எழுந்தாள். எத்தனையோ வருஷத்து ஓர்ப்படி ரத்தம் அவள் முகத்தில் ஏறியதை நான் பார்த்தேன்.

இரண்டாவது கழனியில் நடந்ததை நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. வரப்பில் ஓடி ஓடிப் பார்த்தேன். நாற்று சேற்றில் இறங்குகிற சத்தம் மட்டும்தான். பல் போனவர்கள், கண்ணில் புரை எடுத்தவர்கள், சர்க்கரை மாத்திரை விழுங்கிவிட்டு வந்தவர்கள், ஒருத்தி முதுகும் நிமிரவில்லை. என் அலுவலகத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றால் நாங்கள் முதல் மாடிக்கு ஏறுவதற்குள் படுகிற பாட்டை நினைத்துக்கொண்டேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. இந்தக் கூட்டத்துக்கு என் அம்மா தலைவி என்று அந்த வழியாகப் போகிற பஸ்ஸை நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

பாதிக்கு மேல் அம்மாவின் வலது கால் சேற்றிலிருந்து எழும்ப நேரம் எடுத்தது. சித்தி ஒரு எட்டு முந்தினாள். அம்மா சமாளித்துப் பிடித்தாள். மறுபடி சித்தி. இந்த முறை சின்னப்பொண்ணும் முந்திவிட்டாள். அப்போதுதான் என் குரல் எனக்கே கேட்டது. "அம்மா, சீக்கிரம்மா! உட்டுடாதம்மா!" அம்மா தோற்க வேண்டும் என்று காத்திருந்தவள் நான். மின்விசிறி வாங்கி மாட்டியவள் நான். வரப்பில் குதித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

அம்மா அடுத்த நாற்று முடிச்சை எடுக்கத் திரும்பியபோது கால் மடங்கியது. விழவில்லை. கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அதற்குள் இரண்டு பேரும் அவளைத் தாண்டிவிட்டார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் மூட வேண்டியதுதான் பாக்கி. சின்னப்பொண்ணு கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். சித்தி நாற்றைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி பாக்கற? அடை."

சித்தி அடைத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட, ஒரு நாற்று கூடக் கோணாமல் நட்டு மூடினாள். இப்போது அவள் கத்த வேண்டும். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. யாருக்கும் வரவில்லை.

உள்ளேயிருந்து வந்தது. அம்மா நெஞ்சை நிமிர்த்தி, பக்கத்துக் கழனிக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அடைச்சாச்சி! எங்க ஓர்ப்படி அடைச்சிட்டாடி என்னை!"

பேரன் பிறந்த சேதியைத்தான் அந்தக் குரலில் சொல்வார்கள். கழனிக்காரர் தடியை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார். முதலில் கைகொட்டியது அவர்தான். அப்புறம் எல்லோரும் கொட்டினார்கள். அழுதார்கள், சிரித்தார்கள், சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்தார்கள். அம்மா எதையும் கண்டுகொள்ளவில்லை. குனிந்து, உள்ளே மிச்சமிருந்த இடத்தை அவசரமில்லாமல் நட்டாள். முடித்ததும் சேலையைத் தூக்கிக்கொண்டு, நாற்றுகளுக்கு நடுவே காலை வைத்து வைத்து, ஒன்றையும் மிதிக்காமல் வெளியே வந்தாள். நேராகச் சித்தியிடம் போனாள்.

"நாளைக்கு நடுவுல நீ நில்லு."

சித்தி வேண்டாம் என்று தலையாட்டினாள். "ஜெயிச்சவ அழுவாளா? மூக்க சிந்து" என்றாள் அம்மா.

அன்று ராத்திரி நான் ஊரிலேயே தங்கினேன். மறுநாள் காலையில் பை கட்டித் தயாராக இருந்தது. கட்டியது அம்மாதான். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. "அம்மா, நான் சும்மா சொன்னேன். நீ இஷ்டம்போல போம்மா" என்றேன்.

"நீ யாரு என்னைப் போகச் சொல்றதுக்கு? உன்னைப் பாத்தா சொன்னேன்? மலையப் பாத்து சொன்னேன்."

ஊர் முனையில் வேன் வந்து நின்றது. டிரைவர் பக்கத்து முன் சீட்டு தலைவியுடையது. எல்லோரும் பின்னால் நெருக்கியடித்து ஏறியிருந்தார்கள். முன் சீட்டு காலி. சித்தியும் பின்னால்தான் ஏறப் போனாள். அம்மா அந்த முட்டியோடு விறுவிறுவென்று போய், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் தள்ளினாள். கதவைச் சாத்தினாள். வண்டியை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அவள் தட்டினால்தான் டிரைவர் எடுப்பான். எடுத்தான்.

வேங்கிக்காலுக்கு வந்த அன்றே மத்தியானம் அம்மா என் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். டாய்லெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கத்துக் காலி மனையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "அது யாருது? சும்மாதான கிடக்குது? பலகை போட்டு உக்காந்துகினு மல்லாட்டை போட்டா இன்னா, கேட்டுச் சொல்லு" என்றாள். நிலக்கடலைக்குத்தானே, கேட்கிறேன் என்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சித்தியிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் முன்னால் வைத்தேன்.

"அக்கா," என்றாள் சித்தி. குரலே சரியில்லை. "நடுவுல நின்னேன். மொத நாளே என்னை அடைச்சிட்டாங்கக்கா."

"எவ?"

"இந்தாண்ட உன் சின்னப்பொண்ணு, அந்தாண்ட கோடிவூட்டுக்காரி."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கட்டிலில் சாய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். அந்தப் பக்கம் சித்தி காத்திருந்தாள். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டாள்.

"நானும் ஏறிடட்டுமாக்கா?"

அம்மா எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ மலையப் பாத்து எதனா சொன்னியா?"

"இல்லியே."

"அப்ப இன்னாத்துக்குடி ஏறணும்? மூடிக்கினு நாளைக்கும் போய் நடுவுல நில்லு. அடைச்சா அடைக்கட்டும். உள்ள மிச்சம் இருக்கறத நட்டுட்டு வெளிய வா."